பார்த்தாலே தெரியும்

என் மாமாவுக்கு எந்த மனிதரையும் பார்த்த மாத்திரத்தில் அவர் யார், எந்த ஊர், என்ன தொழில் என்று சொல்லிவிடும் திறமை இருப்பதாக எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினோம். எல்லாரையும்விட அதிகமாக நம்பியவர் மாமாதான்.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். கல்யாணம் ஆகும்வரை உழவர்கரையில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தார். எனக்குப் பத்து வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். டெம்போவுக்காகக் காத்து நிற்கும்போது விளையாட்டு ஆரம்பிக்கும்.

"அதோ வர்றாரு பாரு, நீலச் சட்டை. யாரு, சொல்லு?"

நான் அந்த ஆளின் செருப்பைப் பார்ப்பேன், சட்டைப் பையைப் பார்ப்பேன், நடையைப் பார்ப்பேன்.

"வாத்தியாரு மாமா. பாக்கெட்ல ரெண்டு பேனா இருக்கு."

"சபாஷ். கவர்மெண்ட் ஸ்கூலா, பிரைவேட்டா? அத வுட்டுட்டியே. செருப்பு தேஞ்சிருக்கு பாரு."

இப்படித்தான் நான் உலகத்தைக் கற்றுக்கொண்டேன். பேங்க் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கிராமத்து ஆள். காலை ஏழு மணிக்கே இஸ்திரி போட்ட பேண்ட்டும் சென்ட் வாசனையுமாகக் கையில் நீள ரொட்டியோடு நடந்தால் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கடற்கரைக் குப்பத்து ஆட்கள் என்றால் முரடர்கள். ஒருவனைத் தொட்டால் ஊரே திரண்டு வரும். இவையெல்லாம் எனக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாக மனப்பாடம். நாங்களே விழுப்புரம் பக்கம் நிலத்தை விட்டு வந்தவர்கள் என்பதும், பேங்க் வாசலில் அம்மா இன்னமும் செருப்பைக் கழற்றுவார் என்பதும் விளையாட்டின் நடுவில் ஞாபகத்துக்கு வராது.

மாமா சொல்வது தப்பாகவும் போகும். ஒருமுறை கழுத்துச் சங்கிலியும் மோதிரமுமாக ஒருவர் வந்தார். "வட்டிக் கடை" என்றார் மாமா. அவர் நேராகப் போய் எங்கள் எதிரிலேயே பஸ்ஸில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். மாமா அசரவே இல்லை. "வண்டி ஓட்டுறாரு, சரி. ஆனா ஆளு மனசெல்லாம் வட்டிக் கடைதான்" என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சரியாகச் சொன்னவற்றை மாதக்கணக்கில் பேசுவோம். தப்பாகச் சொன்னவை அன்று மாலைக்குள் மறந்துபோகும்.

எனக்குக் கணக்கு வராது, ஓட்டப் பந்தயத்தில் கடைசி. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பென்சில்கூடப் பரிசாக வாங்கி வந்ததில்லை. என்னைக் கெட்டிக்காரி என்று சொன்ன ஒரே மனிதர் மாமா, அதற்கு ஒரே காரணம் இந்த விளையாட்டு. அதனால் அதை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆடி மாதம் கடற்கரைக் குப்பமான வீராம்பட்டினத்துக்குத் தேர் பார்க்கப் போனோம். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று அப்போது ஒரே பேச்சு. எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை போயிற்று என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பிடிக்கிறவன் எப்படி இருப்பான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கருப்பாக இருப்பான், லுங்கி கட்டியிருப்பான், சட்டை இருக்காது, கண் சிவந்திருக்கும். பால் வாங்கும் இடத்தில், பள்ளி ரிக்‌ஷாவில், குழாயடியில், எங்கே கேட்டாலும் அதே ஆள்தான்.

அப்பாவுக்கு ஷிப்ட். அம்மா, மாமா, நான், நான்கு வயதுத் தம்பி, கூடவே மாமாவின் கம்பெனி நண்பர்கள் இரண்டு பேர். தேர் இழுக்கிற வெள்ளிக்கிழமை என்பதால் டெம்போவில் நிற்கக்கூட இடமில்லை. வீராம்பட்டினத்தில் இறங்கியதும் கடல் காற்றோடு பொரியும் கற்பூரமும் கலந்த வாசனை வந்தது. மணலில் வரிசையாகக் கடைகள். கூட்டம் எங்களை நெட்டித் தள்ளிக்கொண்டே போயிற்று.

அர்ச்சனைக்கு நீண்ட வரிசை. அம்மா என்னை ஒரு வளையல் கடை ஓரத்தில் நிறுத்தி, தம்பியின் கையை என் கையில் வைத்து அழுத்தினார்.

"கைய வுட்டுடாத. நாங்க வர்ற வரைக்கும் இந்த எடத்த வுட்டு அசையக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. கொஞ்ச நேரம் ஒழுங்காகவே நின்றேன். பிறகு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். இவ்வளவு மனிதர்கள் ஒரே இடத்தில் எனக்குக் கிடைத்ததில்லை. ஒவ்வொருவராகப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். இவர் போலீஸ், மப்டியில் வந்திருக்கிறார். இந்த அம்மா டீச்சர். இவர் அரிசி மண்டி. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி புடவை கட்டிக்கொண்டு தலை நிறைய மல்லிகையோடு வந்தாள். அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. வெயில் கண்ணில் பட்டது. நன்றாகப் பார்ப்பதற்காக நெற்றியில் கையை வைத்தேன்.

எந்தக் கையை வைத்தேன் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. கீழே பார்த்தேன். தம்பி இல்லை.

வளையல் கடையின் பின்னால் பார்த்தேன். கடைக்காரரின் பலகைக்கு அடியில் பார்த்தேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன், மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தேடப் போனால் இடத்தை விட்டு அசைந்ததாகிவிடும், போகாவிட்டால் தம்பி போய்விடுவான். இரண்டுக்கும் நடுவில் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டார். நெற்றியில் குங்குமம், கையில் தேங்காய் மூடி.

"தம்பி எங்கடி?"

நான் வாயைத் திறந்தேன். கையை விட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். ஆனால் அம்மாவின் முகம் மாறிய விதத்தைப் பார்த்ததும் வாயில் வேறு வார்த்தை வந்தது.

"ஒரு ஆளு இழுத்துட்டுப் போயிட்டான்மா."

தேங்காய் மூடி மணலில் விழுந்தது. மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"யாரு? எப்பிடி இருந்தான்? சொல்லு பாப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லு!"

யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த ஆள் எனக்குள்ளே தயாராக நின்றுகொண்டிருந்தான்.

"கருப்பா இருந்தான் மாமா. லுங்கி கட்டியிருந்தான். சட்ட போடல. கண்ணு செவப்பா இருந்துச்சு."

சொல்லச் சொல்ல மாமா தலையை ஆட்டினார், ஏற்கெனவே அவருக்குத் தெரிந்த விஷயம்போல. நண்பர்கள் இருவரும் தலையை ஆட்டினார்கள். சுற்றி நின்ற, எங்களுக்கு முன்பின் தெரியாத ஆட்களும் ஆட்டினார்கள். "அவனேதான்" என்றார் ஒருவர். ஒரே மாதிரி ஆள் ஒருவனை அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. எல்லாரும் கடல் பக்கம் ஓடினார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

படகுகள் நிறுத்தியிருந்த மணல்மேட்டிலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்துகொண்டிருந்தான். கருப்பு. லுங்கியைத் தூக்கிக் கட்டியிருந்தான். மேலே சட்டை இல்லை. கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. தோளில் என் தம்பி, தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தான்.

நான் இட்டுக்கட்டிய ஆள் நிஜமாகவே எதிரே வந்துகொண்டிருந்தான்.

"இவனா?" என்றார் மாமா.

நான் தலையாட்டினேன். அந்த நொடியில் அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. இவன்தான், வளையல் கடை ஓரத்தில் வந்து தம்பியை இழுத்தவன் இவன்தான் என்று கண்ணால் கண்டதுபோல நம்பினேன். கிட்டே போனபோது சாராய வாடை அடித்ததாகக்கூட அன்று இரண்டு மூன்று பேரிடம் சொன்னேன். அடித்ததா என்று இன்றைக்கு யோசித்தால், கடல் உப்பு வாசனையைத் தவிர எதுவும் நினைவில் இல்லை.

அந்த ஆள் எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஆமாம், சிரித்தார். "இந்தப் புள்ள யாரு..." என்று ஏதோ கேட்க ஆரம்பித்தார். அம்மா பாய்ந்து தம்பியைப் பிடுங்கினார். மாமா சுற்றிக்கொண்டு பின்னால் போயிருந்தார். பிடரியில் ஓங்கி ஓர் அடி. அந்த ஆள் முன்னால் சரிந்தார்.

எந்தப் பூச்சியையும் நசுக்காமல் முறத்தில் வாரி வெளியே விடுகிற மாமா அவர். அந்தக் கையா அது என்று பார்த்தேன். அவருடைய நண்பர்கள் உதைத்தார்கள். தேர் பார்க்க வந்தவர்கள், வாட்ச் கட்டிய கைகள், சந்தனம் பூசிய கைகள், எங்கிருந்தெல்லாமோ வந்தன. "புள்ள புடிக்கிறவன்! புள்ள புடிக்கிறவன்!" என்ற சத்தம். கீழே கிடந்தவர் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார். அவர் வாயிலிருந்து எனக்குப் புரியாத பாஷையில் ஏதோ வந்தது. மணலில் சிவப்பாக ஒழுகியது. அடித்தால் ரத்தம் வரும் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு சீக்கிரம் வரும் என்பது தெரியாது.

அப்போது ஒரு மீன்காரப் பெண்மணி, வாட்டசாட்டமான ஆள், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். வந்த வேகத்தில் அப்படியே கீழே கிடந்தவர்மேல் கவிழ்ந்து விழுந்தார். யாரோ ஓங்கிய கட்டை அந்த அம்மாவின் முதுகில் இறங்கியது. அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது.

"வுடுங்கடா பாவிங்களா! கடல்ல போன புள்ளய முழுகி இட்டாந்த மனுசன்டா! எங்க கண்ணு முன்னால அல இழுத்துனு போச்சுடா அந்தப் புள்ளய! யாரு பெத்த புள்ளைன்னு தெரியாம தூக்கினு அலையறாரு, அவர போயி அடிக்கிறீங்களே!"

அவருக்குப் பின்னால் நான்கைந்து மீனவர்கள் ஓடி வந்தார்கள். நாங்கள் பயந்ததுபோல ஒருவரையும் அடிக்கவில்லை. கூட்டத்துக்கும் கீழே கிடந்தவருக்கும் நடுவே கைகோத்து நின்றுகொண்டார்கள். அவ்வளவுதான்.

எல்லாம் நின்றது. அம்மா அப்போதுதான் தம்பியைப் பார்த்தார். அவன் தலையெல்லாம் ஈரமும் மணலுமாக இருந்தது. அவன் டவுசரோடு நனைந்திருந்தான். அவன் உடம்பைச் சுற்றி ஒரு பெரிய ஆளின் கட்டம் போட்ட சட்டை சுற்றியிருந்தது.

அந்த ஆளுக்கு ஏன் சட்டை இல்லை என்பது எனக்குப் புரிந்தது. கண் ஏன் சிவந்திருந்தது என்பதும் புரிந்தது.

மீன்கார அம்மா அவரைத் தூக்கி உட்கார வைத்தார். புருவம் கிழிந்திருந்தது. வாயைத் துடைத்தபோது ஒரு பல் கையோடு வந்தது. அவர் அதை ஆச்சரியமாகப் பார்த்தார். "சவா, சவா" என்றார், பரவாயில்லை என்பதுபோலக் கையை அசைத்து.

"வருசா வருசம் தேருக்கு வர்ற சொல்தாய்யா அவரு. டவுன்ல ஊடு. பெரிய மனுசன்" என்றார் அந்த அம்மா.

அந்த ஒரு வார்த்தையில் கூட்டத்தின் குரலே மாறிவிட்டது. அதுவரை "டேய்" என்றவர்கள் "சார்" என்றார்கள். ஒருவர் சோடா வாங்கி வந்தார். உதைத்த நண்பர் ஒருவர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். மாமாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. "அய்யய்யோ, சொல்தான்னு தெரியாம போச்சேக்கா" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். தெரியாமல் போனது அது ஒன்றுதான் என்பதுபோல. எனக்கும் அப்படித்தான் இருந்தது. விளையாட்டில் பெரிய தப்பு பண்ணிவிட்டேன், செருப்பைச் சரியாகப் பார்க்கவில்லை என்று தோன்றியது. ஒரு ஆட்டோவில் சொல்தாவை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். நாங்கள் தேரைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தோம்.

வீட்டில் என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அப்பா கேட்டபோது மாமாதான் பதில் சொன்னார். "பாப்பா மேல தப்பில்ல மாமா. எவனோ ஒருத்தன் புள்ளய இழுத்துட்டுப் போயிருக்கான். புள்ள திமிறிட்டு ஓடி கடல் பக்கம் போயிருக்கு. பாப்பா சொன்ன அடையாளம் அவ்ளோ கரெக்டா இருந்துச்சு." அவ்வளவு துல்லியமாகச் சொன்ன குழந்தை பொய் சொல்லியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தம்பியிடம் கேட்டார்கள். "பலூனு" என்று மட்டும் சொன்னான். நான்கு வயதுப் பிள்ளையின் சாட்சியை யார் எடுத்துக்கொள்வார்கள்?

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு, ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு அம்மா, மாமா, நான் மூவரும் ஆஸ்பத்திரியில் விலாசம் விசாரித்துச் சொல்தாவின் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் மாமா மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "மொத அடி நான்தான் சார் அடிச்சேன். என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க." அம்மாதான் அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். நானும் ஒன்று சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தேன். யாரும் இழுத்துட்டுப் போகல, நான்தான் கைய வுட்டேன். பதினைந்து தடவை சொல்லிப் பார்த்திருப்பேன்.

நகரத்துத் தெருவொன்றில் மஞ்சள் சுவர் வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தார். சொல்தா நாற்காலியில் சாய்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி, புருவத்தில் பிளாஸ்திரி. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. புள்ள எப்பிடி இருக்கான்? காய்ச்சல் ஒண்ணும் வரலியே? மெர்சி சொல்ல இவ்ளோ தூரம் வரணுமா?"

நாங்கள் நன்றி சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். மாமா எழுந்து நின்றார். "சார், அன்னிக்கி அந்த மொத அடி..." என்று ஆரம்பித்தார்.

சொல்தா கையை உயர்த்தினார். "அத வுடுங்க தம்பி. பின்னாலேர்ந்து வுழுந்துச்சு, எவன்னு நான் பாக்கல. பாத்தாத்தான் என்னா? அந்த மீன்காரப் பசங்கதான். அவனுங்க ரத்தம் அப்பிடி. மொதல்ல கைதான் பேசும். நானும் நாப்பது வருசமா பாக்குறேனே."

அம்மா மாமாவை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மாமா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆமா சார்" என்றார். "அவனுங்க அப்பிடித்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் பதினைந்து தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கின் நுனியில் வந்து நின்றது. சொல்தாவின் மனைவி என்னைக் கூப்பிட்டு, பிரான்சிலிருந்து மகன் அனுப்பியது என்று சொல்லி ஒரு சாக்லேட்டைக் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். வாக்கியத்தை விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாரும் நன்றாகச் சிரித்துப் பேசினோம். காபி குடித்தோம். விடைபெறும்போது அவர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தெருவுக்கு வந்ததும் மாமா பெரிதாக மூச்சு விட்டார். ஒரு வாரமாகச் சாப்பிடாமல் கிடந்தவர் அவர். முனைக் கடையில் ஒரு டீ சொன்னார். அம்மா வேண்டாம் என்றார். டெம்போ நிற்கும் இடத்துக்கு வந்ததும் அம்மா கேட்டார்.

"அந்தம்மாவுக்கு முதுகுல அடி வுழுந்துச்சேடா. அவங்க வூட்டுக்கு யாரு போறது?"

"யாரு, அந்த மீன்காரம்மாவா?" என்றார் மாமா. "அவங்களுக்கெல்லாம் அடிதடி பழக்கம்க்கா. இந்நேரம் மறந்தே போயிருப்பாங்க."

டெம்போ வந்தது, ஏறி உட்கார்ந்தோம். எனக்கு மாமா சொன்னது முழுக்கச் சரியாகத்தான் பட்டது. மனசு லேசாகிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து சாக்லேட்டைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே வந்தேன். கட்டை இறங்கிய முதுகோடு அந்த அம்மா அன்று எந்தப் பக்கம் போனார், யாராவது தண்ணீர் கொடுத்தார்களா, அவர் பெயர் என்ன என்று எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியவும் இல்லை.